வான் வாடகைக்கு

தர்சிகா,
உங்கள் கேள்விகள் பதினெட்டும் கிடைத்தன.
ஒன்றொன்றாய் எழுதுகிறேன்.
கராஜில் வெல்டிங் நடக்கிறது,
நடுவில் விட்டுவிட்டு வந்தால் குறை நினைக்காதீர்கள்.

கோடை எப்போது தொடங்கும்?
இங்கே அதற்கென்று தனி மாதம் கிடையாது.
டென்மார்க்கில் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடும் ஆடியில்
மாங்குளத்தில் கச்சான் வீசும்,
முறிகண்டியில் கச்சான் விற்கும்.
முன்னது கண்ணை நிரப்பும்.
பின்னதைச் சூட்டோடு வாங்குங்கள்.

வாகனம் பழைய டொல்பின்தான்.
ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் அடித்தவர் மச்சான் அலோசியஸ்.
சுருண்டால் நாலு பேர், கால் நீட்டினால் மூன்று பேர்.
கூரையில் நூறு லீற்றர் தண்ணீர்,
கதவடியில் காஸ் அடுப்பு.
கழிப்பறை இல்லை
(ஐந்தாம் கேள்வியிலும் கேட்டீர்கள், பதினொன்றிலும் கேட்டீர்கள்.
பதில் மாறவில்லை).
'வான் வாடகைக்கு' என்று பலகை எழுதி மாட்டிய அன்று
ரியூசனுக்குப் போன பெட்டை ஒருத்தி சைக்கிளை நிறுத்தி
"நட்சத்திரமும் சேர்த்தோ அக்கா?" என்றாள்.
சேர்த்துத்தான். வரி இல்லை.

முதல் இரவு வவுனிக்குளம்.
அணைக்கட்டுக்குக் கீழே நிற்கலாம், காவலாளிக்குச் சொல்லிவைக்கிறேன்.
பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய பிள்ளைகளை
முகம் கழுவிப் படுக்க விடுங்கள்.
மிச்சப் பழத்தை உள்ளே வைக்காதீர்கள்.
யானைக்குக் கதவு திறக்கத் தெரியாது,
ஆனால் திறக்கும்.

இரண்டாம் இரவு முல்லைத்தீவுக் கரை.
முழங்காலுக்கு மேல் கடல் வேண்டாம்.
வழியில் சிவப்புப் பலகை கண்டால்
அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டாம், அவசரமென்றாலும்.
மண்டையோடு கீறியிருக்கும்,
கடற்கொள்ளைக்காரர் என்று சின்னவன் துள்ளுவான்.
இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதினாலாவது கேள்விக்குத்தான் மூன்று நாள் பிந்தியது.
'வீட்டையே வண்டியில் கொண்டு திரிய
என்னென்ன அவசியம்?'

எங்களுக்கு அது உழவு மெசின் பெட்டி.
கூரைத் தகரம், நெல்லு நாலு மூடை,
தையல் மெசின், கிணற்றுக் கப்பி,
கோழிக்கூடு, கோழியோடு,
நிலையோடு கழற்றிய முன்கதவு.
தருமபுரத்தில் தகரம் நின்றது.
விசுவமடுவில் கோழி.
கப்பி எங்கே என்று இன்றுவரை தகராறு.
ஐந்தாம் தரிப்பில் கதவை இறக்கி
இரண்டு பனைக்கு நடுவே நிமிர்த்தி,
சுவர் இல்லை, கூரை இல்லை,
அம்மா அதைப் பூட்டினா.
பூட்டியபின் ஒருக்கால் தள்ளியும் பார்த்தா.
சாவி இப்போதும் அவவின் கைப்பைக்குள்.

ஆகவே:
டோர்ச் ஒன்று, கயிறு பத்து முழம்,
நுளம்புத் திரி, உப்பு,
பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பொலித்தீன் பையில்...
இல்லை, அது உங்களுக்கு வேண்டாம்.
பாஸ்போட் போதும்.

கடைசிக் கேள்வி கேள்வியே இல்லை.
வரைபடத்தில் ஒரு புள்ளி.
புதுக்குடியிருப்பு தாண்டி, பெயரில்லாத வெளி.
'இங்கே ஓர் இரவு நிற்கலாமா?'
ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.
நிற்கலாம்.
இப்போது அது கமலாகரனின் கச்சான் தோட்டம்,
நம்பர் அனுப்புகிறேன்.
பைப் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க வேண்டாம்.
இரவில் காற்று விழுந்துவிடும்.
பிள்ளைகள் நித்திரையான பிறகு
இறங்கி நிற்க விரும்பினால்
உள்லைற்றை நிறுத்திவிடுங்கள், பூச்சி வரும்.

முற்பணம் இருபதாயிரம்.
சாவி இரண்டு.
பின்கதவு கொஞ்சம் இறுகும்,
மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்,
திறக்கும்.